நூற்றுப்பதினான்குக்குப் பெயர் என்ன

சம்பளச் சீட்டில் அவள் பெயர் பவுனம்மாள் ரவிசந்திரன். ஆபீசில் பவுன். மராட்டிக்காரர்கள் ஒரு 'தாயி'யையும் சேர்த்துப் பவுன்தாயி என்பார்கள். அவர்கள் மொழியில் அது அக்கா. வயது நாற்பத்திரண்டு. புனேயின் போசரி தொழிற்பேட்டையில், ஸ்பிரிங் செய்யும் பட்டறை ஒன்றின் மேல்மாடியில் பதினோரு பேர் உட்கார்ந்து சாஃப்ட்வேர் எழுதுகிறார்கள். அதில் அவளும் ஒருத்தி. கீழே பிரஸ் மெஷின் இறங்கும்போதெல்லாம் மேலே டம்ளரில் டீ ததும்பும். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் நாள் பூகம்பம் என்று எழுந்து நிற்பார்கள். பவுன் நிற்கவில்லை. இரும்பு அடிக்கும் ஃபோர்ஜிங் கம்பெனியில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவள் அவள். சத்தம் நின்றால்தான் அவளுக்குத் தூக்கிவாரிப்போடும்.

பிறந்தது புனேயிலேயே, கட்கியில். அப்பா திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து வெடிமருந்துத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். பள்ளிக்கூடம் இந்தியில், கடைத்தெரு மராட்டியில், வீடு தமிழில். தமிழ் எழுத்து, கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தின் பெயரைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு வரும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஃபோர்ஜிங் கம்பெனியில் ஷிஃப்ட் கிளார்க் ஆனாள். அன்றைக்கு எத்தனை உருப்படி அடித்தார்கள் என்பதை நாலு தாளில் நாலு தடவை டைப் செய்ய வேண்டும். ஒரே விஷயத்தை எதற்கு நாலு தடவை என்று அவளுக்கு எரிச்சல். கம்ப்யூட்டரையே செய்ய வைக்க முடியுமா என்று நோண்டிப் பார்த்தாள். முடிந்தது. சோம்பேறித்தனம்தான் தன்னைப் புரோகிராமர் ஆக்கியது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். பாதி பொய். மூன்று வருஷம் விடுமுறை நாள் ஒன்றைக்கூட வீணாக்காமல் வகுப்புக்குப் போய் டிப்ளமா வாங்கிய பெண்ணைச் சோம்பேறி என்று யார் சொல்வார்கள்?

அந்த விடுமுறை நாள் வியாழக்கிழமை. இதைச் சொல்லிவிட வேண்டும். ஊருக்கெல்லாம் ஞாயிறு என்றால் போசரிக்கு வியாழன். மின்சாரக்காரர்கள் லைனை நிறுத்திப் பழுது பார்ப்பதும் வியாழனில்தான். வியாழக்கிழமை கரண்ட் போனால் புனேயில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மெழுகுவர்த்தி எங்கே என்றுதான் கேட்பார்கள்.

கணவர் ரவிசந்திரன் அதே ஃபோர்ஜிங் கம்பெனியில் லேத் ஓட்டியவர். ரத்த அழுத்தத்தை அலட்சியம் செய்ததில் ஆறு வருஷத்துக்கு முன்னால் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. அன்றிலிருந்து திங்களும் வியாழனும் டயாலிசிஸ். திகி ரோட்டில் ஒரு ட்ரஸ்ட் நடத்தும் சென்டர், பத்து மெஷின். திங்கட்கிழமை அவரே பஸ் பிடித்துப் போய்விடுவார். வியாழக்கிழமை பவுன் கூடப் போவாள்.

ஃபோர்ஜிங் கம்பெனியில் அவள் இதை ஒளிக்கவில்லை. முதல் இரண்டு மாதம் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். மூன்றாவது மாதம், "நீங்கள் வீட்டிலிருந்து அவரைப் பார்த்துக்கொள்வதுதான் நல்லது" என்று இனிக்க இனிக்கப் பேசி அனுப்பிவிட்டார்கள். சூடு கண்ட பவுன், இந்தப் புது இடத்தில் சேர்ந்தபோது வாயே திறக்கவில்லை. வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டால், "லேத்" என்பாள். அத்தோடு பேச்சை வடாபாவ் பக்கம் திருப்பிவிடுவாள். இப்படியே நாலு வருஷம் ஓடியது.

புது இடத்தின் முதலாளி சேஷு. லோஹேகாவ் விமானப்படைத் தளத்தில் இருபது வருஷம் விமானங்களின் வயிற்றுக்குள் புகுந்து வேலை பார்த்தவர். அங்கே ஒரு வழக்கம் உண்டாம். பழுது பார்த்த ஆளின் கையெழுத்தை யாரும் மதிக்க மாட்டார்கள். வேறொருவர் வந்து பார்த்து, எடுத்துப் போன ஸ்பானர் எல்லாம் பலகையில் திரும்பிவிட்டதா என்று எண்ணி, அவர் போடும் கையெழுத்துக்குத்தான் விமானம் நகரும். சேஷு அந்த வழக்கத்தை அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு வந்து இந்த மாடியில் இறக்கினார். தண்ணீர் ஃபில்டருக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். கோட், அதாவது புரோகிராம், எழுதுவதற்கு இருபத்தேழு விதிகள். முதல் விதி: எழுதியவர் சரி என்று சொன்னால் போதாது, இன்னொருவர் படித்துச் சரி என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில், அது ஏன் வந்தது என்று ஒரு வரி. காரணம் எழுத முடியாத விதியை ஒட்டக்கூடாது என்பதும் ஒரு விதி. சேஷு வீட்டில் உப்பு டப்பாவில் 'உப்பு' என்று ஒட்டியிருக்கும், எப்போது வாங்கியது என்ற தேதியோடு. மாடியில் எல்லோரும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள், அவர் இல்லாதபோது.

பவுனுக்கு முதல் வருஷம் அந்தத் தாளைக் கண்டாலே ஆகாது. அவள் தானே முட்டி மோதிக் கற்றவள். ஓடுகிற கோடை எதற்குத் திரும்ப எழுதச் சொல்கிறார்கள் என்று பல்லைக் கடிப்பாள். அதிலும் அவள் எழுதியதைப் படித்துச் சரி சொல்ல வேண்டிய ஆள் ஷபானா. கோந்த்வாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் இருபத்தொன்பது வயதுப் பெண். குடும்பம் வாணியம்பாடி. தமிழ் பேசுவாள், ஆனால் நடுவில் வண்டி நின்றுவிடும். இந்தியைப் போட்டு ஓட்டுவாள். கோடில் குறை கண்டுபிடிப்பதில் மட்டும் அவள் வண்டி எங்கேயும் நின்றதில்லை. ஒரு நாளைக்கு நாற்பது குறிப்பு எழுதுவாள். ஆள் பார்க்க மாட்டாள். சேஷு எழுதியதையே மூன்று தடவை திருப்பி அனுப்பியிருக்கிறாள், அதுவும் அவர் பிறந்தநாளன்று.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை. டயாலிசிஸ் சென்டரில் கரண்ட் நின்று, ஜெனரேட்டர் பாதி மெஷினைத்தான் தாங்கியது. அப்போதெல்லாம் யாரை வேறு நாளுக்கு மாற்றுவது என்பதைப் பார்வதிதான் முடிவு செய்வாள். மெஷின் பார்க்கும் டெக்னீஷியன், பன்னிரண்டு வருஷமாக அங்கே இருப்பவள். அன்றைக்கு அவள் லீவு. கவுண்டரில் இருந்த கிளார்க் நோட்டை எடுத்தார். அந்த நோட்டில் பேஷண்ட் எண் சேர்ந்த வரிசைப்படி இருக்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும் என்று, பெரிய எண்ணிலிருந்து வெட்டிக்கொண்டே வந்தார். ரவிசந்திரனின் எண் 114. சனிக்கிழமை வரச் சொன்னார். திங்களுக்குப் பிறகு சனி. ஐந்து நாள் இடைவெளி. வெள்ளிக்கிழமை காலையில் பல் தேய்க்க எழுந்தவர் மூச்சு வாங்க முடியாமல் சுவரைப் பிடித்தபடி சரிந்தார். நுரையீரலில் தண்ணீர். நாலு நாள் ஐ.சி.யூ. இருதயமும் பலவீனமாகிவிட்டது, இனி நாள் தள்ளவே கூடாது என்று டாக்டர் சொன்னார்.

அதற்கடுத்த ஜனவரியில் சேஷு ஒரு புது வேலையோடு வந்தார். ஒரு டயாலிசிஸ் சென்டருக்கு நேரம் ஒதுக்கும் சாஃப்ட்வேர். மெஷின் குறைந்தால் யாரை எந்த நாளுக்கு மாற்றுவது என்று அதுவே பார்த்து, அவர்களுக்கு முன்கூட்டியே மெசேஜும் அனுப்ப வேண்டும். "திகி ரோட்ல இருக்கு. யார் எடுத்துக்கறேள்?" என்று கேட்டார்.

பவுனின் கை தானாக உயர்ந்தது. அவள் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக எதற்கும் கை தூக்கியதில்லை.

அங்கேதான் தன் வீட்டுக்காரர் படுக்கிறார் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார் என்று பயம். இது தன் கையில் இருக்க வேண்டும் என்று ஆசை. பயமும் ஆசையும் சேர்ந்து வாயைத் தைத்துவிட்டன.

ஆறு வாரம் எழுதினாள். மாற்றும் வரிசைக்கு ட்ரஸ்டில் கேட்டபோது அந்த கிளார்க்கின் நோட்டு வழக்கத்தையே சொன்னார்கள்: புதியவர்கள் முதலில், அதாவது பெரிய எண் முதலில். அப்படியே எழுதினாள். எழுதி முடித்த நாள், ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, நடுவில் ஒரே ஒரு வரி சேர்த்தாள். மாற்ற வேண்டிய ஆளின் எண் 114 என்றால் அவரை விட்டுவிட்டு அடுத்தவரை எடு. ஆயிரத்து எண்ணூறு வரிகளுக்கு நடுவே ஒரு வரி. யார் பார்க்கப் போகிறார்கள்?

மறுநாள் பத்தரை மணிக்கு ஷபானாவின் குறிப்பு வந்தது. "114 என்பது என்ன? விதி ஒன்பது. பெயர் வையுங்கள்."

ஒன்பதாவது விதி என்னவென்றால், கோடுக்குள் வெறும் எண் நிற்கக்கூடாது. எந்த எண்ணாக இருந்தாலும் அது என்ன என்று சொல்லும் ஒரு பெயர் வைத்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். பக்கத்தில் சேஷு எழுதிய காரணம்: எண்ணுக்கு வாய் கிடையாது.

பவுன் எதையும் வெளியே காட்டிக்கொள்ளாமல், 'ரிசர்வ்' என்று ஒரு பெயர் வைத்து அனுப்பினாள். அரை மணியில் திரும்பி வந்தது. "ரிசர்வ் என்றால் யாருக்காக? யார் சொன்னது? காரணம் ஒரு வரி எழுதுங்கள்." 'டெஸ்ட் பேஷண்ட்' என்று மாற்றினாள். அதுவும் திரும்பி வந்தது. "டெஸ்ட் ஆள் நிஜ சாஃப்ட்வேரில் எதற்கு? எடுத்துவிடுங்கள்."

டீ வண்டி வந்தபோது பவுன் ஷபானாவைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாத்துக்கு இப்பிடி உயிரை வாங்கற? ஒரு நம்பரு. ஓடுதா இல்லையா? ஓடுது. உனக்கு வேற வேலையே இல்லியா?"

ஷபானா டீயை ஊதிக்கொண்டே சொன்னாள்: "அக்கா, குஸ்ஸா மத் கரோ, கோவப்படாதீங்க. நாளைக்கு நீங்க இல்ல, நான் இல்ல. வேற ஆளு வந்து பாப்பான்ல? அவனுக்கு எப்பிடி தெரியும், ஏ ஏக்ஸௌ சௌதா கோன் ஹை?"

இந்த நூற்றுப்பதினான்கு யார்? அவள் 'என்ன' என்றுகூடக் கேட்கவில்லை, 'யார்' என்று கேட்டுவிட்டாள். பவுன் டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். இவளை மாதிரி ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததே இல்லை என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தாள்.

இடத்தில் வந்து உட்கார்ந்து அந்த வரியைத் திறந்தாள். உண்மையான பெயரை வைத்துத்தான் பார்ப்போமே என்று வீம்புக்கு டைப் செய்தாள். இங்கிலீஷில், எல்லாம் பெரிய எழுத்தில், விதிப்படி: என் புருஷன். திரையில் அது நின்றதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. சிரித்த வாயோடு கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். நாலு பேர் பார்க்கும் இடத்தில் வைக்க முடியாத பெயர் என்றால், அந்த வரியை எழுதியதே தப்பு. அது அவளுக்கு முதல் குறிப்பு வந்தபோதே தெரியும். இப்போது ஒப்புக்கொண்டாள்.

ஆனால் வரியை எடுத்துவிட்டால்? கரண்ட் போகிற அடுத்த வியாழனில் அவருக்கு ஐந்து நாள் ஆகும். எடுக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை. அன்று புதன்கிழமை. வேலையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் சென்டரில் ரவிசந்திரன் மெஷினோடு படுத்திருந்தார். பவுன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்ப் பார்வதியிடம் உட்கார்ந்தாள். பார்வதிக்கு அவள் 114-ன் மனைவி, ஏதோ கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை, அவ்வளவுதான் தெரியும்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கணும். ஆளு மாத்தறப்ப நீங்க யாரைத் தொடவே மாட்டீங்க?"

பார்வதி யோசிக்கக்கூட இல்லை. "எடை ஏறின ஆளைத் தொட மாட்டேன். போன தடவைக்கும் இன்னைக்கும் நடுவுல மூணு கிலோவுக்கு மேல ஏறிச்சுன்னா அது அத்தனையும் தண்ணி. அப்புறம் இருதயம் வீக்குன்னு டாக்டர் எழுதினவங்க. அப்புறம், இன்னைக்கு விட்டா நாலு நாளுக்கு மேல போயிடும்னா, அவங்களையும் மாட்டேன். சிறுநீர் இன்னும் கொஞ்சம் போற ஆளுங்களை மாத்தலாம், தாங்குவாங்க. எவ்ளோ வருஷமா வராங்கங்கறதுல இன்னா இருக்கு?"

"இதை எங்கியாவது எழுதி வெச்சிருக்கீங்களா?"

"எதுக்கு எழுதறது? நான்தான் இருக்கேனே."

அந்த ஆகஸ்டில் நீங்கள் இல்லையே என்று பவுன் சொல்லவில்லை. அவள் லீவில் போனதற்கு அவள் என்ன செய்வாள். பவுன் கைப்பையிலிருந்து மளிகைச் சீட்டை எடுத்து அதன் பின்பக்கம் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டாள். பார்வதி விரல் விட்டு எண்ணிப் பதினேழு என்றாள். பதினேழு. அவள் ஒருத்தரைத்தான் காப்பாற்றப் பார்த்திருந்தாள். மீதிப் பதினாறு பேர் வீட்டிலும் ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள் என்று அதுவரை அவளுக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது.

சேஷு மூலம் டாக்டரிடமும் ட்ரஸ்டிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்க ஒரு வாரம் ஆனது. பழைய நோட்டு வழக்கத்தை அடியோடு எடுத்தாள். எண்ணைப் பார்த்து யாரையும் மாற்றுவதில்லை, உடம்பைப் பார்த்துத்தான். மூன்று கிலோவுக்கு ஒரு பெயர், நாலு நாளுக்கு ஒரு பெயர், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம். 114 போய்விட்டது. ஷபானா படித்துவிட்டு ஒரே வார்த்தை எழுதினாள்: "பட்டியா." பிரமாதம் என்று அர்த்தம். அவளிடமிருந்து அது வருவது அபூர்வம். ஆனாலும் பவுனுக்கு அவள் மேல் இருந்த கோபம் முழுசாகப் போய்விடவில்லை. தோற்றவளுக்கு எப்படிப் போகும்?

சாஃப்ட்வேர் ஓடத் தொடங்கியது. இரண்டு மூன்று வியாழன் கரண்ட் போனது, சிலர் மாறினார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பவுன் அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். ஒரு வருஷம் கழித்து ட்ரஸ்ட் கோந்த்வாவில் இன்னொரு சென்டர் திறந்தது. இரண்டு இடத்துக்கும் ஒரே பட்டியல் வேண்டும் என்று ட்ரஸ்ட் ஆபீசிலேயே பெயர்களை ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கி, எல்லோருக்கும் புது எண் போட்டு, நீலக் கார்டு கொடுத்தார்கள். ரவிசந்திரனுக்கு 203. பவுன் அதைப் பார்த்தாள், பர்ஸில் வைத்தாள், மறந்தாள்.

இந்த வருஷம் மே மாதம், இரண்டாவது வியாழக்கிழமை. காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரண்ட் இல்லை என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். போதாக்குறைக்கு ஜெனரேட்டரும் முக்கியது. பத்து மெஷினில் நாலுதான் ஓடும். ரவிசந்திரனுக்கு மெசேஜ் எதுவும் வரவில்லை. வரவில்லை என்றால் நேரம் மாறவில்லை என்று அர்த்தம். ஆட்டோவில் போய் இறங்கினார்கள். செவ்வாய்க்கிழமை அவர் அக்கா மகள் கல்யாணம். ஒரு டம்ளர் மோர், அரை டம்ளர் பாயசம் என்று அங்கே சத்தியம் செய்திருந்தார். சென்டர் வாசலில் மூன்று படி. இரண்டாவது படியில் நின்றுவிட்டார். எடை மெஷினில் ஏற்றியபோது நாலு கிலோ இருநூறு கூடியிருந்தது.

"அரை டம்ளரா? அண்டாவே போயிருக்கும்போல" என்றாள் பார்வதி. சிரிக்காமல்தான் சொன்னாள். உடனே அவரைப் படுக்க வைத்து மெஷினை மாட்டினாள். வெளியே வந்து பவுனிடம் தணிந்த குரலில், "இன்னைக்கு விட்டிருந்தா நேரா ஐ.சி.யூ.தான். இந்தத் தடவை திரும்பி வந்திருப்பாருன்னும் சொல்ல முடியாது" என்றாள்.

அப்போது லோஹேகாவிலிருந்து ஒரு இளைஞன் வேர்க்க விறுவிறுக்க பைக்கில் வந்து இறங்கினான். கிட்டு என்று பெயர், கல்லூரியில் கடைசி வருஷம். போனில் சார்ஜ் இல்லாததால் மெசேஜைப் பார்க்கவில்லை. பார்வதி அவன் கார்டை வாங்கித் திரையில் தட்டினாள்.

"உன்னை சனிக்கிழமைக்கு மாத்தியிருக்கு. காலைல ஏழு மணி. நம்பர் 114, சரிதானே?"

"சரி சிஸ்டர். நல்லதாப் போச்சு, எனக்கு நாளைக்குப் பரிட்சை" என்று சொல்லிவிட்டு, வந்த வேகத்திலேயே பைக்கைத் திருப்பிக்கொண்டு போனான். மூச்சு வாங்கவில்லை, முகம் வீங்கவில்லை. செவ்வாய்க்கிழமைதான் வந்து போனவன், சிறுநீரும் இன்னும் கொஞ்சம் போகிறவன். இரண்டு நாள் தள்ளிப்போவது அவனுக்கு ஒன்றுமே இல்லை.

பவுனுக்கு அந்த எண் காதில் விழுந்து உள்ளே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. பர்ஸைத் திறந்து கணவரின் கார்டை எடுத்தாள். 203. அவள் எழுதிய அந்த ஒரு வரி அங்கேயே இருந்திருந்தால், இன்றைக்கு அது தன் கடமையைத் தவறாமல் செய்திருக்கும். 114-ஐத் தொடாதே என்று கிட்டுவைக் காப்பாற்றி மெஷினில் உட்கார வைத்திருக்கும். பெரிய எண் முதலில் என்று 203-ஐச் சனிக்கிழமைக்குத் தள்ளியிருக்கும். அவர் மெசேஜைப் பார்த்துவிட்டு, சரி என்று வீட்டில் படுத்திருப்பார். தன் கையால், ஆசையாக எழுதிய வரி. கார்டைப் பிடித்தபடியே அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பார்வதி தண்ணீர் கொண்டு வந்து கொடுத்து, "உங்களுக்கு இன்னா ஆச்சு?" என்றாள்.

நாலு மணி நேரம் கழித்து ரவிசந்திரன் தெளிவாக எழுந்து உட்கார்ந்தார். பவுன் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள்.

"நீ எனக்காகத்தான் எழுதின. அது தெரியாதா எனக்கு? ஆனா பவுனு, அந்தப் பொண்ணு விட்டுக் குடுக்காம நின்னாளே, அவ என் கூடப் பொறந்தவ மாதிரி. நாளைக்கே போயிச் சொல்லு. தள்ளிப் போடாத" என்றார்.

வெள்ளிக்கிழமை பவுன் முதலில் சேஷுவிடம் போனாள். மறைத்ததை மறைக்காமல் சொன்னாள். வேலை போனால் போகட்டும் என்றுதான் போனாள். சேஷு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"மொதல் நாளே சொல்லியிருந்தா வேலையை உங்ககிட்டேர்ந்து பிடுங்கியிருப்பேன்னா நெனச்சேள்? கூட ஒரு ஆளைப் போட்டிருப்பேன். அவ்ளோதான். விமானத்துல சொந்தத் தம்பி ஏறப் போறான்னா, அன்னிக்கு ரெண்டு பேர் கையெழுத்துப் போடுவோம், தெரியுமோ?" என்றார். கோபம் இருந்தது, அவர் மறைக்கவில்லை. திட்டி முடித்ததும், எந்த வியாழனிலாவது அவசரம் என்றால் தன் காரைக் கூப்பிடச் சொன்னார். அன்று மாலைக்குள் சுவரில் இருபத்தெட்டாவது விதி வந்துவிட்டது: நம் வீட்டார் பயன்படுத்தும் வேலையென்றால் தொடங்கும் அன்றே சொல்லிவிடு.

காலையில் பவுன் சேஷுவிடமிருந்து திரும்பியபோது ஷபானா அப்போதுதான் வந்து, பஸ் வெயிலில் வாடிய முகத்தோடு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். பவுன் அவள் முன்னால் போய் நின்றாள்.

"ஷபானா, அந்த 114 நம்பரு... நீ அன்னைக்கு எடுக்க வெச்சியே..."

"எந்த நூத்திப் பதினாலு, அக்கா?"

"டயாலிசிஸ் வேலைல. மூணு தடவை திருப்பி அனுப்பினியே. நான் கூட டீ வண்டிகிட்ட உன்னைத் திட்டினேனே."

ஷபானா பாட்டிலை மூடிக்கொண்டு நிஜமாகவே யோசித்தாள். "யாத் நஹி ஆ ரஹா அக்கா. நீங்க என்னை எப்பவும் திட்றீங்கதானே?"

அவளுக்கு ஞாபகமே இல்லை. ஒரு வருஷமாகப் பவுன் மனசில் முள்ளாகக் கிடந்தது, அவளுக்கு ஒரு நாளின் நாற்பது குறிப்பில் ஒன்று. பவுன் சொன்னாள். ஆகஸ்டைச் சொன்னாள், 114 யார் என்று சொன்னாள், 203-ஐச் சொன்னாள், கிட்டு பைக்கைத் திருப்பிக்கொண்டு போனதைச் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் ஷபானாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"என் புருஷன் இன்னைக்குக் காலைல இட்லி துண்றாருன்னா நீ கேட்ட கேள்விதான். ரொம்ப நன்றிம்மா. என் உயிர் இருக்கற வரைக்கும் மறக்க மாட்டேன்."

ஷபானாவுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது, கையை உருவிக்கொள்ளவும் தோன்றவில்லை. "நான் ஒண்ணும் பண்ணலக்கா. எனக்குத் தெரியாது, அவர் யாருன்னு. கசம் ஸே, சத்தியமா. எல்லாரையும் கேக்கறேன், அதே மாதிரி உங்களைக் கேட்டேன்."

"அதான்" என்றாள் பவுன். "எல்லாரையும் கேட்டதாலதான் என்னையும் கேட்ட."

கீழே பிரஸ் மெஷின் ஓடத் தொடங்கியிருந்தது. ஷபானா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டு நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"பைட்டோ அக்கா. அண்ணனுக்கு இப்ப எப்பிடி இருக்கு?"

நாலு வருஷத்தில் அந்த மாடியில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. கேட்க அவள் இடம் கொடுத்ததில்லை. பவுன் உட்கார்ந்தாள். ஆறு வருஷத்துக்கு முந்தைய முதல் நாளிலிருந்து, ஒன்று விடாமல் சொல்ல ஆரம்பித்தாள்.